எதிர்ச்சரிவில் இரண்டு பேர்

முதலில் பிடிபட்டது நடைதான், முகம் இல்லை. எதிர்ச்சரிவில், ஓடைக்கு அந்தப் பக்கம், மாரிக் குளிரில் பனி சரிந்து மரங்களை வழித்துக்கொண்டு போன இடம் இப்போது புல் முளைத்துப் பச்சைப் பட்டையாகக் கிடக்கிறது, அதன் ஓரமாக இரண்டு பேர் முதுகுப்பைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். கரடிக்காகப் பிடித்த பைனாகுலரில் மனிதர் வந்து விழுந்தால் வருகிற எரிச்சல்தான் எனக்கும் வந்தது. இந்தப் பள்ளத்தாக்கு எங்களுடையது. பத்திரம் ஒன்றும் இல்லை, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்குக் காடு, லைசென்ஸ் உள்ள எவனும் வரலாம், ஆனாலும் தார் ரோட்டை விட்டு ஒன்றரை நாள் சுமந்து நடந்து இதற்குள் வர வேறு ஒருவனுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை, இத்தனை வசந்தத்தில் என் சிநேகிதன் பகியையும் என்னையும் தவிர ஒரு மனித உருவத்தை நான் இங்கே கண்டதில்லை. யார் இவர்கள், எப்படி வழி கண்டுபிடித்தார்கள் என்று இன்னும் கூர்மையாக்கிப் பார்த்தேன். பின்னால் ஏறியவன் நெட்டை. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, அடிக்கு ஒருதரம் தலையை முன்னுக்கு ஆட்டி ஆட்டி, காதுக்குள் ஏதோ பாட்டு ஓடுகிறவன் போல நடந்தான். அந்த நடை என் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிற நடை. நிருஜன். என் மகன். இல்லை, நிரு எட்மன்டனில் இருக்கிறான், மே மாத லோங் வீக்கெண்ட் முழுக்க வேலைப் பயிற்சி, கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனவன், எட்மன்டனில் இருக்கிறவன் இங்கே எப்படி நடப்பான், உலகத்தில் நெட்டையாக ஒருவன்தானா இருக்கிறான். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தேன். மறுபடி பிடித்தபோது முன்னால் போனவர் நின்று, தொப்பியைக் கழற்றி, மொட்டைத் தலையை முழங்கையின் மடிப்பால் துடைத்தார். நான் அறிய முழங்கையால் தலை துடைக்கிற ஒரே மனுசன் பகீரதன், என் பகி.

பகிக்கு முழங்கால் ஏலாது. அதைத்தான் மனம் முதலில் சொன்னது. கோபம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது பதற்றம், ஐயோ இந்த முழங்காலோடு ஏன் இப்படி ஏறுகிறான், சவ்வு கிழிந்தால் பிறகு ஒப்பரேசன்தான் என்று. இவ்வளவு முட்டாள் நான். அவன் ஆடு மாதிரிக் கல்லுக்குக் கல் தாவி ஏறுகிறான், நான் இங்கே மரத்தடியில் குந்தியிருந்து அவனுடைய முழங்காலுக்காகக் கவலைப்படுகிறேன். "மச்சான், இந்த வருசம் கரடி இல்லை. கால் மடக்க ஏலாமல் கிடக்கு. நீயும் இரு, அடுத்த வருசம் ரெண்டு பேருமாப் போவம்" என்று ஏப்ரலில் போனில் சொன்னான். அவனுக்காக நான் எண்ணெய் எடுப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து, மானிப்பாயில் ஒரு வைத்தியர் காய்ச்சுகிற எண்ணெய், டொரோண்டோவுக்கு வந்த ஒருவரின் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி, அங்கிருந்து தபாலில். போத்தல் கசிந்து பார்சல் முழுக்க நாறியது. அதைக் கொண்டுபோய் அவனுடைய குசினியில், அவனைக் கதிரையில் இருத்தி, காற்சட்டையைச் சுருட்டி, நானே தேய்த்துவிட்டேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் இறங்கும். "ஆ... மெல்ல மச்சான், மெல்ல" என்றான். பல்லைக் கடித்தான். கண்ணை மூடினான். அந்த முகம். அந்த முகத்தை எங்கே பழகினான்? வலிக்காத காலைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற முகம் வைக்க ஒரு மனுசனுக்கு என்ன தேவை வந்தது? மெல்ல மச்சான். நான் மெல்லத்தான் தேய்த்தேன். இன்னும் ஒருக்கா வரட்டோ என்று கேட்டேன், வேண்டாம் வேண்டாம், நானே போடுறன் என்றான், வாசல்வரை நொண்டி நொண்டி வந்து வழியனுப்பினான். நொண்டி நொண்டி. கார் எடுக்கும்வரை வாசலில் நின்று கை காட்டினான், நான் தெருமுனை திரும்பியதும் நேராக நடந்து உள்ளே போயிருப்பான்.

ஓடை இரைந்துகொண்டிருந்தது. மேலே பனி உருகுகிற மாதம் அது நாள் முழுக்க ஓயாது, இரைச்சல் காதுக்குள் புகுந்து கொஞ்ச நேரத்தில் நம் ரத்தம் ஓடுகிற சத்தமோ என்று தோன்றும். என் ரத்தம் இப்போது டாக்குத்தர் நெஞ்சுக்குள் வைத்த ஒரு வலைக்குழாயால்தான் ஓடுகிறது. போன வசந்தம், இதே மலைக்கு வருகிற கணவாயில், பாரத்தோடு ஏறிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சில் ஆனை வந்து குந்தியது. விழுந்த இடத்தில் பனி, முகத்தைப் பனிக்குள் வைத்துக்கொண்டு கிடந்தது நல்ல சுகமாக இருந்தது என்று மட்டும் ஞாபகம். பகிதான் சாட்டிலைட் கருவியை அமத்தி ஹெலிகொப்டர் கூப்பிட்டான், அது வரும்வரை என் தலையை மடியில் வைத்திருந்தான், தன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு பெனியனோடு நடுங்கிக்கொண்டு இருந்தான். இதை நான் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் இது இப்படிக் குத்துகிறது. அதுக்குப் பிறகு வீட்டில் நான் ஒரு கண்ணாடிச் சாமான். வதனி உப்பை ஒளித்தாள். பனி வழிக்கிற சவளை ஒளித்தாள். நான் குளியலறையில் கொஞ்ச நேரம் கூட இருந்தால் கதவைத் தட்டி "இருக்கிறியளோ?" என்பாள், நான் இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும், மனைவிக்கு ஒருவன் கதவுக்குப் பின்னால் இருந்து தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சீவிக்க வேண்டும். மரவாடியில் என்னைப் பலகை தூக்குகிற இடத்தில் இருந்து மாற்றிக் கண்ணாடி அறைக்குள் இருத்தினார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் மெல்ல மெல்லக் கதைத்தார்கள். அதனால்தான் இந்த முறை பகி வராவிட்டாலும் நான் வரவேண்டும் என்று இருந்தது, ஒரு கரடியாவது சுட வேண்டும் என்றுகூட இல்லை, இந்த மரத்தடியில் என் காலால் வந்து குந்தவேண்டும், அவ்வளவுதான். வேலைத்தல ஆட்களோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்று வதனியிடம் சொன்னேன். கணவாய்ப் பக்கம் ஏற ஏலாது என்று தெரியும், மறுபக்கத்தால், பழைய மரலொறி ஓடின பாதையால் சுற்றி வந்தேன், தூரம் கூட, ஏற்றம் குறைவு, அங்கங்கே இருந்து இருந்து வந்தேன். வாகனத்தையும் அந்தப் பக்கம்தான் விட்டேன். அதனால்தான் அவர்களுக்கு நான் இங்கே இருப்பது தெரியாது. வதனி "போட்டு வாங்கோ, ஆறுதலா நிண்டு வாங்கோ" என்றாள். அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. குளிசை, கம்பளி, போன், யார் கார் ஓடுவது என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அவளை ஏமாற்றிவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன். அவளுக்கும் சந்தோசம், நான் ஒதுங்கினது.

அதை அப்போது நான் யோசிக்கவில்லை, ரோல்ஸைக் கண்டபிறகுதான் யோசித்தேன். அவர்கள் ஒரு பாறையில் பைகளை இறக்கி இருந்தார்கள். நிரு பைக்குள் கையை விட்டு வெள்ளிக் கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். வெயிலில் பளிச்சென்றது. பகிக்கு ஒன்று நீட்டினான். இந்தத் தூரத்தில் என்ன சாப்பாடு என்று தெரியாது, ஆனால் பிடிக்கிற விதத்தில் தெரியும், நீளமாக, இரண்டு விரலால் பிடித்து ஓரத்தில் கடிக்கிறது, ஆட்டிறைச்சி ரோல்ஸ். புதன்கிழமை பின்னேரம் வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. வதனி நின்று பொரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஏன் என்று கேட்டேன். "நிரு எட்மன்டனிலை ஹோட்டல் அறையிலை வைச்சுச் சாப்பிடட்டும், வெளிச்சாப்பாடு அவனுக்குச் சரிவராது" என்றாள். எனக்கு ஒன்று எடுத்தேன், கையைத் தட்டினாள், பொரியல் உங்களுக்குக் கூடாது என்றாள். அப்போ அவளுக்குத் தெரியும். பொட்டலம் கட்டினவளுக்குத் தெரியாமலா இருக்கும் அது எங்கே பிரியப்போகிறது என்று. பகி, நிரு, வதனி. மூன்று பேரும் எங்கள் குசினி மேசையைச் சுற்றி இருந்து, நான் இரவு வேலைக்குப் போன ஒரு நாளாக இருக்கும், யார் எதைச் சொல்வது என்று பிரித்துக்கொண்டார்களா? நீ முழங்கால் எண்டு சொல், நீ எட்மன்டன் எண்டு சொல், நான் ஒண்டும் சொல்லேல்லை, நான் பொரிக்கிறன். யாராவது சிரித்தார்களா? சிரித்திருக்கமாட்டார்கள், கவலையோடுதான் இருந்திருப்பார்கள், அதுதான் கூடக் கேவலம். கெட்டவன் செய்தால் அவனை வெறுத்துவிட்டு இருக்கலாம். பகி ரோல்ஸைச் சாப்பிட்டு முடித்து விரலை நக்கினான். நான் நேற்று இரவு வெந்நீரில் ஊறின நூடில்ஸ் சாப்பிட்டேன், வேலைத்தல ஆட்கள் சமைப்பார்கள் என்று பொய் சொன்னபடியால் வீட்டில் இருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. வலி இருக்கிறதா என்று பார்க்கப் பார்க்க ஏதோ இருக்கிற மாதிரித்தான் இருக்கும், இதுவும் ஒரு நோய்வருத்தம்தான், டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். நாக்குக்கு அடியில் அடிக்கிற மருந்து சட்டைப் பையில்தான் இருந்தது. சாட்டிலைட் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், அதைக் கொண்டுவந்தால் வதனியின் போனில் என் இடம் தெரியும். இங்கே விழுந்தால் பாறை மாதிரிக் கிடப்பேன். எதிரே மகன் இருக்கிறான், கூப்பிட்டால் வந்து தூக்குவான், கூப்பிடமாட்டேன். நிரு ஒருநாளும் என்னோடு வந்ததில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஒருமுறை, நான் கரடி இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன், கராஜ் முழுக்கக் கொழுப்பு மணம், வாசலில் நின்று பார்த்துவிட்டு, அங்கே உங்களையெல்லாம் சுட்டவங்கள், இங்கே வந்து நீங்கள் சுடுறியள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் துவக்குக்கும் அங்கே இருந்த உறவு அதன் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற உறவுதான், முதன்முதலாக ஒரு துவக்கின் பின்பக்கத்தைப் பார்த்தது இந்த நாட்டில்தான், கடைக்காரன் அதைக் கவுண்டரில் வைத்து, எடுத்துப் பாருங்கோ என்ற மாதிரித் தள்ளினபோது கை வியர்த்தது, பக்கத்தில் பகி நின்றான், அவனுக்கும் வியர்த்தது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இதை என்றாவது நிருவுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவன் கேட்கவில்லை. கறியை மட்டும் சாப்பிட்டான், கரடி என்று தெரிந்துதான், இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டான். சரி, வேட்டை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். பிடிக்காதது வேட்டை இல்லையாம். அதோ பாறையில் இருந்துகொண்டு பகி கையை நீட்டி நீட்டிச் சரிவைக் காட்டுகிறான், இவன் கழுத்தை நீட்டி நீட்டிக் கேட்கிறான், அப்படி ஒரு தலையாட்டல், அவன் என் முன்னால் அப்படித் தலையாட்டி நான் கண்டதில்லை. பகி என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். காற்று எங்கே இருந்து வருகிறது பார், மத்தியானத்துக்குப் பிறகு மேலே ஏறும், கரடிக்குக் கண் மந்தம், மூக்குத்தான் கண். அது நான் கண்டுபிடித்து அவனுக்குச் சொன்னது. என் வாய்ச்சொல்லை என் மகனுக்கு இன்னொருவன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான், நான் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்து கண்ணாடியால் பார்க்கிறேன்.

கரடி வந்ததை நான் காணவில்லை, கண்டபோது அது ஏற்கனவே அங்கே இருந்தது. எப்போதும் அப்படித்தான். பச்சைப் பட்டையின் நடுவில், ஒரு கணத்துக்கு முன் ஒன்றும் இல்லாத இடத்தில், கறுப்பாக ஒரு ஓட்டை. குனிந்து புல்லை மாடு மாதிரிக் கடித்துக்கொண்டிருந்தது. மாரி முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு, ஆனாலும் நல்ல மயிர், வெயில் பட்டால் எண்ணெய் பூசினதுபோல் மினுங்கியது. என் கை தானாகவே பக்கத்தில் இருந்த துவக்குக்குப் போய்த் திரும்பியது, எனக்கு எட்டாத தூரம். அவர்களுக்கு எட்டும். அவர்களும் கண்டுவிட்டார்கள், பகி கையை நிலத்தோடு அமத்துகிறான், நிரு பாறைக்குப் பின்னால் வயிற்றில் படுக்கிறான், பையை முன்னுக்கு இழுத்து அதன்மேல் துவக்கை வைக்கிறான், எல்லாம் முறையாக. காற்று அவர்கள் பக்கம். நான் கரடியைப் பார்த்தேன், அதன் தலை, காது, நடை. காதுகள் தலைக்கு மேலே நெருக்கமாக, பெரிதாகத் தெரிந்தன. பெண். பெண் என்றால் பொறு. அதுக்குக் கீழே, ஒற்றையாக நின்ற தேவதாரு மரத்தின் அடியில், என் பக்கமாக, புல்லுக்குள் ஏதோ அசைந்தது. வேர்க்கட்டை என்று நினைத்தேன். வேர்க்கட்டை எழுந்து இரண்டு காலில் நின்று மரத்தைப் பிடித்து ஏற முயன்று சறுக்கி விழுந்தது. குட்டி. இந்த வருசத்துக் குட்டி, ஒரு பூனையை விடக் கொஞ்சம் பெரிது. மரம் அவர்களுக்கும் அதுக்கும் நடுவில். அவர்கள் இருக்கிற இடத்தில் இருந்து பார்த்தால் ஒரு தனிக் கரடி, தோள் காட்டி, அமைதியாக மேய்கிறது. குட்டியோடு நிற்கிற கரடியைச் சுடக்கூடாது, அது சட்டம், லைசென்ஸ் போகும், துவக்கு போகும், கோர்ட்டுக்கு ஏற வேண்டும். சட்டத்தை விடு. தாய் விழுந்தால் அது அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும், மனிதக் குழந்தை மாதிரி ஒரு சத்தம் போடும், கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பொறு பகி, என்று மனதுக்குள் சொன்னேன், எப்போதும் பொறுப்பாயே. கரடியைக் கண்டால் உடனே துவக்கைத் தொடாதே, இருந்து பார், தேத்தண்ணி குடி, மறுபடி பார், பின்னால் குட்டி வருகிறதா என்று பார். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம் அது. பகி பொறுக்கத்தான் செய்தான், கண்ணாடியில் கனநேரம் பார்த்தான், ஆனால் குட்டி மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றது, புல்லைப் பிய்த்தது, தன் காலைத் தானே கடித்தது. நிருவின் கன்னம் துவக்கில் போய்ப் பதிந்தது. அப்போது ஒன்று எனக்குள் சொன்னது, இரு. சும்மா இரு. நீ இங்கே இல்லை, ஏரியில் மீன் பிடிக்கிறாய். சுடட்டும். சுட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கட்டும், மரத்துக்குப் பின்னால் இருந்து அது வரும், பகியின் முகம் அப்போது எப்படிப் போகும், என்னை விட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்கு விளங்கட்டும். நான் இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று வாழ்நாள் முழுக்க நினைக்கட்டும். அந்த நினைப்பு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாயில் சீனி வைத்த மாதிரி இனித்தது. மெல்ல மச்சான், மெல்ல. நொண்டி நொண்டி வாசல்வரை. பிறகு நிருவின் தோள் எழுந்து இறங்குவதைக் கண்டேன், பெரிதாக மூச்சை எடுத்து விட்டான், சின்ன வயதில் நீச்சல் குளத்துக்குள் குதிக்கமுன் விளிம்பில் நின்று எடுக்கிற அதே மூச்சு, குதிக்கப்போகிறான், அவனுடைய முதல் கரடி, அந்தக் குட்டியின் சத்தம் இனி இவனோடுதான் படுத்து எழும்பும். நான் எழுந்துவிட்டேன். நிரு என்று கத்தினேன், ஓடை அதை என் வாயிலேயே வாங்கி விழுங்கியது. கையை ஆட்டினேன், யார் பார்க்க. துவக்கை எடுத்தேன், எனக்குப் பின்னால் இருந்த பனித்திட்டுக்குள் குழலைச் சரித்து, விசையை இழுத்தேன். வெடி பள்ளத்தாக்கின் இரண்டு சுவரிலும் மாறி மாறிப் போய் மோதியது. கரடி தலையைத் தூக்கினது பாதி, ஓடினது மீதி, மரத்தடியில் இருந்த கறுப்புத் துணுக்கு என் பக்கமாக அதன் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டு புதருக்குள் மறைந்தது. நெஞ்சு அடித்தது. வலியா அடிப்பா என்று தெரியவில்லை. மருந்தை நாக்குக்கு அடியில் அடித்துவிட்டு மறுபடி குந்தினேன். எதிரே இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். பகியின் பைனாகுலர் சரிவைத் தேடித் தேடி வந்து என்மேல் நின்றது. என்னுடையது அவன்மேல். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் அவ்வளவு வெளி. அவன் கையைத் தூக்கினான். நான் தூக்கவில்லை.

ஓடையைக் கடந்து இந்தப் பக்கம் ஏறி வர அவர்களுக்கு நேரம் எடுத்தது. நிருதான் முதலில் வந்தான், இடுப்புவரை நனைந்து, மூச்சு இரைக்க.

"அப்பா? தனியவோ வந்தனீங்கள்?"

"நீ எட்மன்டனிலை எல்லோ."

அவன் நிலத்தைப் பார்த்தான். பின்னால் பகி வந்து சேர்ந்தான். வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை.

"முழங்கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"மச்சான்..."

"எண்ணெய் நல்லாத்தான் வேலை செய்திருக்கு."

"டேய், முதலிலை ஆறுதலா இரு. மருந்து அடிச்சனியோ? முகம் வெளிறிப்போய்க் கிடக்கு." என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தான். கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏன் பகி சொல்லேல்லை? உன்னை வைச்சுக்கொண்டு மலை ஏற எனக்கு ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே. நான் என்ன அழுதிருப்பனோ?"

"சொன்னா நீ கேட்டிருப்பியோ? சொல்லு. வதனி வந்து என்ரை குசினிக்குள்ளை நிண்டு அழுதவள். அவரைக் கூட்டிக்கொண்டு போனா இந்த முறை பெட்டியிலைதான் கொண்டு வருவியள் எண்டு கேட்டவள். நான் என்ன செய்யிறது? போன வருசம் உன்ரை தலையை மடியிலை வைச்சிருந்தது நான்."

நிருவைப் பார்த்தேன். "நீ?"

"நான்தான் மாமாவைக் கேட்டனான், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. நீங்கள் விழுந்த பிறகுதான் அப்பா யோசிச்சனான். இந்த இடம், இதெல்லாம்... உங்களுக்குப் பிறகு ஆருக்காவது தெரிஞ்சிருக்கோணும் எண்டு."

உங்களுக்குப் பிறகு. நல்லெண்ணத்தோடுதான் சொன்னான், கண் கலங்கியிருந்தது. அவனுக்கு எட்டுகிற தூரத்தில், சட்டைப் பொத்தான் தெரிய நான் இருக்கிறேன், அவன் எனக்குப் பிறகு என்கிறான். என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே, ஒவ்வொரு கல்லாகச் சொல்லியிருப்பேனே. இருக்கிறவனை விட்டுவிட்டு இல்லாதவனுக்காக ஒருவன் வேட்டை பழகுகிறான்.

"அது சரி, ஏன் அப்பா வெடி வைச்சனீங்கள்?" குரல் இப்போது கொஞ்சம் உடைந்தது. "அது என்ரை முதல் கரடி. நான் எடுத்திருப்பன்."

"குட்டி நிண்டது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்னப் பார்வைதான். வதனியும் டாக்குத்தரும் என் தலைக்கு மேலால் பார்த்துக்கொள்கிற பார்வை.

"தனிக் கரடி மச்சான்," என்று பகி மெதுவாகச் சொன்னான். "நான் கனநேரம் பாத்தனான். ஒண்டும் இல்லை."

"மரத்துக்கு இந்தப் பக்கம் நிண்டது. உங்கடை இடத்திலை இருந்து தெரியாது. வாங்கோ, காட்டுறன். அந்த மரத்தடி ஈரத்திலை அதின்ரை காலடி கிடக்கும்."

"இப்ப வேண்டாம் அப்பா," என்றான் நிரு. "நீங்கள் களைச்சுப் போனியள். சரி, குட்டி நிண்டது. விடுங்கோ."

"நான் சொல்லுறன், நிண்டது."

"சரி அப்பா."

"உனக்குக் கோவம் வாறது நியாயம் மச்சான்," என்றான் பகி. "ஆருக்கும் வரும். அதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். ஆனா பெடியன்ரை முதல் கரடி..." முடிக்கவில்லை. பெருந்தன்மையோடு என் தோளில் தட்டினான். என்னை மன்னித்துவிட்டான்.

மரங்களுக்குள் போட்டிருந்த கூடாரத்தைக் கழற்றினேன். சாப்பிட்டுவிட்டுக் காலமை போவம் என்றான் பகி, எங்களோடை கணவாய்ப் பக்கத்தாலை வா என்றான், நான் முளைகளைப் பிடுங்கித் துடைத்துப் பைக்குள் போட்டேன். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, மே மாதத்தில் இங்கே பொழுது சாய மனமே வராது. நிரு என் முதுகுப்பையைத் தூக்கக் குனிந்தான். தொடாதை என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கையை எடுத்துவிட்டான். நானே தூக்கி, ஒரு தோளில் மாட்டி, கொஞ்சம் நின்று, மற்றத் தோளிலும் மாட்டினேன். வாரைப் பூட்டினேன். பாரம் இடுப்பில் போய் இருந்தது. வந்த பாதையால், மரலொறிப் பாதைக்கு இறங்குகிற ஒற்றையடித் தடத்தால் நடக்கத் தொடங்கினேன். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகலாம், இரண்டு பக்கமும் புதர். பின்னால் அவர்கள் மெல்லிய குரலில் ஏதோ பேசினார்கள், பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. என்னை விட்டுவிட்டுப் போக அவர்களால் முடியாது, வதனிக்கு என்ன பதில் சொல்வது. என்னைத் தாண்டி முன்னால் போகவும் முடியாது. மகன் ஒருவன், இத்தனை வருசச் சிநேகிதன் ஒருவன், இரண்டு பேரும் நல்ல காலோடு, நல்ல நெஞ்சோடு, என் குதிக்காலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நான் ஒரு வளைவில் நின்றேன். களைப்பு இல்லை, சும்மா நின்றேன். பின்னால் சப்பாத்துகள் நின்றன. பக்கத்துப் புதரில் ஒரு குருவி இருந்த இடத்தில் இருந்தே கீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். "ஏதும் செய்யுதோ அப்பா?" என்று கேட்டான். திரும்பவில்லை. குருவி பறந்து போகும்வரை பார்த்துவிட்டு, ஒரு அடி எடுத்து வைத்தேன். பின்னால் அவர்களும் ஒரு அடி எடுத்து வைத்தார்கள். வாகனம் நிற்கிற இடம் இன்னும் வெகுதூரம். மறுபடி நின்றேன்.